முறையா? மறையா?

கூட்டல் குறியை அறியாதார் யார்? படுக்கையாய் ஒரு கோடு. அதன் குறுக்கே நிமிர்ந்து ஒரு கோடு. கணக்கு ஏட்டில் அது கூட்டல். சீன ஏட்டிலோ அது 'பத்து'!

சீனப் பிள்ளை ஒன்று பள்ளியில் அமர்ந்து அந்த எழுத்தை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் நிமிர்கோட்டை இழுக்கிறது. பிறகு அதன்மேல் படுக்கைக் கோட்டைப் போடுகிறது. எழுதி முடித்ததைப் பாருங்கள் — பத்துதான்! கோணலில்லை; குறையில்லை. கடைக்காரரிடம் காட்டினால் அவரும் பத்து என்றே படிப்பார். ஆனால் ஆசிரியர் முகம் சுளிக்கிறார். "தவறு! படுக்கைக் கோடு முன்னே, நிமிர்கோடு பின்னே. அழித்து எழுது!" என்கிறார்.

"ஏன் ஐயா?" என்று கேட்கிறது பிள்ளை.

தோழர்களே! 'ஏன்' என்னும் அந்த ஈரெழுத்துக் கேள்விக்கு இருவகை விடை உண்டு. "அப்படி எழுதினால் கை அலையாது, எழுத்து நிலைகுலையாது, இரண்டு விதமாகவும் எழுதிப் பார், உனக்கே விளங்கும்" என்பது ஒரு விடை. "முன்னோர் அப்படித்தான் எழுதினர், வாயை மூடிக்கொண்டு நீயும் எழுது" என்பது மற்றொரு விடை. முதல் விடையைத் தருபவர் ஆசிரியர். இரண்டாம் விடையைத் தருபவர், எந்த உடையில் வந்தாலும் எந்த நாட்டில் இருந்தாலும், பூசாரி!

முதல் விடையிலிருந்து பிறப்பது முறை. இரண்டாம் விடையிலிருந்து பிறப்பது மறை. முறை மாந்தனுக்குத் தொண்டு செய்யும். மறையோ மாந்தனைத் தொண்டனாக்கும். சீன எழுத்தின் கோட்டு வரிசை முறையா, மறையா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

சீனத்தின் எழுத்து எப்படிப் போனால் நமக்கென்ன என்று கேட்பார் இருக்கலாம். வணிகத்தின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் சீனம் கற்கும் இளைஞர் இன்று நம்மிடையே உளர். முதல் நாளிலேயே அவர்கள் முட்டிக்கொள்ளும் சுவர் இந்தக் கோட்டு வரிசை. முட்டியவர்களில் ஒரு சாரார், "உருவம் சரியாய் வந்தால் போதாதா? எந்தக் கோடு முன்னே, எந்தக் கோடு பின்னே என்பதெல்லாம் வெறும் சடங்கு. நாம் பகுத்தறிவாளர், சடங்கு நமக்கெதற்கு?" என்று ஏட்டை மூடுகின்றனர். மற்றொரு சாரார், "ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமையன்றோ! அணுவளவும் பிறழலாகாது!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கின்றனர். இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவருமே காரணத்தைக் கேட்கவில்லை!

நாம் கேட்போம்.

முதலில் அவசரக்காரத் தோழருக்கு விடை கூறுவோம். வரிசையின் விதிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மேலிருந்து கீழே வா. இடமிருந்து வலம் போ. படுக்கைக் கோடும் நிமிர்கோடும் குறுக்கிட்டால் படுக்கையை முதலில் போடு. இடப்புறம் சாய்வது முன்னே. வலப்புறம் சாய்வது பின்னே. சுற்றுச்சுவர் உள்ள எழுத்தாயின், முதலில் மூன்று பக்கச் சுவரை எழுப்பு. பிறகு உள்ளே இருப்பதை எழுது. அடிக்கோட்டைக் கடைசியில் போட்டு அடை. "ஆள் உள்ளே போனபின் கதவைச் சாத்து" என்று இந்தக் கடைசி விதியைச் சீனப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். 'நாடு' என்னும் எழுத்து அப்படித்தான் எழுதப்படுகிறது. கதவைச் சாத்திவிட்டு ஆளை உள்ளே தள்ள முயல்வார் உண்டோ?

இவ்விதிகள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல, கையிலிருந்து பிறந்தவை. வலக்கையில் தூரிகை பிடித்து, ஈர மையால் எழுதிய மக்களுக்கு மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் என்பது எளிய வழி. ஒரு கோடு முடியும் இடத்திற்கு அருகே அடுத்த கோடு தொடங்குவதால் தூரிகை வீணாய் அலைவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே வழியில் கை செல்வதால், கண் மறந்த எழுத்தையும் கை மறப்பதில்லை. சீனத் தொடக்கப் பள்ளியின் ஆறாம் ஆண்டு முடிவதற்குள் பிள்ளைகள் ஏறத்தாழ 3,000 எழுத்துகளைப் படிக்கவும் 2,500 எழுத்துகளை எழுதவும் கற்கவேண்டும் என்பது அங்குள்ள பாடத்திட்டம். 2,500 எழுத்துகளை 2,500 தனித்தனிப் படங்களாக எந்தப் பிள்ளையால் சுமக்கமுடியும்? ஆனால் பெரிய எழுத்துகள் எல்லாம் சிறிய எழுத்துகளையும் உறுப்புகளையும் அடுக்கிக் கட்டியவை. 'மரம்' என்னும் எழுத்தை எழுதத் தெரிந்தவன், மரத்தை உறுப்பாகக் கொண்ட எழுத்து வரும்போது அந்தப் பகுதியைப் புதிதாய்க் கற்க வேண்டியதில்லை. கை தானே போகிறது.

இன்னும் உண்டு. விரைந்து எழுதும்போது கோடுகள் ஒன்றோடொன்று இணைந்து ஓடுகின்றன. அவ்வகை எழுத்தைச் சீனர் 'புல்லெழுத்து' என்பர். அங்கே எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோட்டுக்குத் தூரிகை தாவியது என்பதே உருவத்தை ஆக்குகிறது. வரிசை தெரியாதவனுக்கு அது நூற்கண்டு சிக்கல்; தெரிந்தவனுக்கு அது திறந்த கடிதம். 1716-இல் முடிந்த காங்சி பேரகராதி 47,000-க்கும் மேற்பட்ட எழுத்துகளை 214 தலைப்பு உறுப்புகளின்கீழ்ப் பிரித்து, கோடுகளின் எண்ணிக்கையால் அடுக்கியது. கோடு எண்ணத் தெரியாதவன் அந்த அகராதியின் கதவைத் திறக்கமுடியாது. இன்றும் பெயர்ப்பட்டியலில் யார் பெயர் முன்னே, யார் பெயர் பின்னே என்ற சிக்கலைக் குடும்பப் பெயரின் கோடுகளை எண்ணித் தீர்ப்பது அங்கே வழக்கம். கைத்தொலைபேசியில் கோடுகளைப் படுக்கை, நிமிர்வு, இடச்சாய்வு, புள்ளி, மடக்கு என்று ஐந்து வகையாக்கி ஐந்து விசைகளில் வைத்திருக்கின்றனர். வரிசைப்படி அழுத்தினால் எழுத்து வந்து நிற்கிறது. வரிசை மாறினால் வேறொன்று வரும். அல்லது ஒன்றும் வராது.

ஆகவே, கோட்டு வரிசையே மூடத்தனம் என்று மொழியும் தோழர் பகுத்தறிவைப் பரப்பவில்லை. சோம்பலுக்குப் பகுத்தறிவுச் சால்வையைப் போர்த்துகிறார். காரணம் உள்ளதைக் காரணம் கேட்காமலே தள்ளுவதும், காரணம் அற்றதைக் காரணம் கேட்காமலே கொள்ளுவதும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்!

இனி, கன்னத்தில் போட்டுக்கொள்ளும் தோழரிடம் திரும்புவோம். அவரிடம் நமக்குள்ள வழக்கு பெரிது.

"முன்னோர் அப்படி எழுதினர்" என்கிறாரே, எந்த முன்னோர்? ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன், ஷாங் அரச மரபினர் குறி கேட்பதற்காக ஆமை ஓட்டிலும் மாட்டின் தோள் எலும்பிலும் எழுத்தைச் செதுக்கினர். நாம் அறிந்த சீன எழுத்தின் மிகப் பழைய பெருந்தொகுதி அதுவே. அந்த எலும்புகளில் 'பத்து' எப்படி இருக்கிறது தெரியுமா? ஒரே ஒரு நிமிர்கோடு! குறுக்குக் கோடு கிடையாது. காலப்போக்கில் அந்த நிமிர்கோட்டின் நடுவே ஒரு புள்ளி பருத்தது. புள்ளி நீண்டு படுக்கைக் கோடாயிற்று. அந்நாளில் கூட்டல் குறி போன்ற உருவம் பத்தைக் குறிக்கவில்லை, ஏழைக் குறித்தது! அதுமட்டுமா? எலும்புத் துண்டுகள் சிலவற்றில் நிமிர்கோடுகள் மட்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. படுக்கைக் கோடுகள் விடுபட்டிருக்கின்றன. கடினமான எலும்பில் கத்தியால் கீறுபவன், ஒரு திசைக் கோடுகளை எல்லாம் முடித்துவிட்டு எலும்பைத் திருப்பி மறு திசைக் கோடுகளைக் கீறினான். அவன் கருவிக்கு அதுவே எளிது.

முன்னோர் வழிதான் மாறா நெறி என்றால், அந்தப் பள்ளிப் பிள்ளை என்ன தவறு செய்தது? நிமிர்கோட்டை முதலில் போட்ட பிள்ளைதான் முன்னோரின் முன்னோர் வழியில் நடந்திருக்கிறது! மதிப்பெண்ணை இழக்க வேண்டியவர் யார்?

கத்தி போய்த் தூரிகை வந்தது, வரிசை மாறிற்று. எலும்பு போய் மூங்கில் பட்டை வந்தது. மூங்கில் போய்த் தாள் வந்தது. எழுத்தின் உருவமே மாறிற்று. கி.மு. 221-இல் நாட்டை ஒருங்கிணைத்த சின் பேரரசு எழுத்தையும் ஒரே வடிவாக்கிற்று. அந்த வடிவையும் அடுத்துவந்த ஹான் காலத்து எழுத்தர்கள் விரைவின் பொருட்டு உடைத்துக் கோணமாக்கினர். தூரிகை பயில்வோர், 'யோங்' என்னும் எழுத்தில் அடிப்படைக் கோடுகள் எட்டும் அடங்கியுள்ளன என்று அதை எழுதி எழுதிப் பழகுவர். அந்த எழுத்தின் பொருள் 'என்றென்றும்' என்பது. 'என்றென்றும்' என்ற எழுத்தே என்றென்றும் ஒரே உருவில் இருந்ததில்லை!

சரி, பழங்கதை வேண்டாம். இன்றைய நிலை என்ன?

'அரசன்' என்னும் எழுத்துக்கு மூன்று படுக்கைக் கோடுகள். அவற்றை இணைக்க ஒரு நிமிர்கோடு. சீனப் பள்ளியில் இரண்டு படுக்கைக் கோடுகளைப் போட்டபின் நிமிர்கோட்டை இறக்குகின்றனர். ஜப்பானியப் பள்ளியிலோ ஒரு படுக்கைக் கோட்டைப் போட்டவுடனே நிமிர்கோட்டை இறக்கிவிடுகின்றனர். 'வயல்' என்னும் எழுத்து, சதுரக் கட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி. உள்ளிருக்கும் குறியில் சீனர் படுக்கைக் கோட்டை முதலில் போடுகின்றனர். ஜப்பானியர் நிமிர்கோட்டை முதலில் போடுகின்றனர். 'இடம்', 'வலம்' என்னும் இரண்டு எழுத்துகளுக்கும் மேற்பகுதி பார்வைக்கு ஒன்றே. சீனர் இரண்டையும் படுக்கைக் கோட்டில் தொடங்குகின்றனர். ஜப்பானியரோ இடத்தைப் படுக்கையிலும், வலத்தைச் சாய்கோட்டிலும் தொடங்கக் கற்பிக்கின்றனர்.

எது சரி? எது பிழை? ஒரு கரையில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளை, கடலைத் தாண்டி மறுகரைக்குப் போனால் சுழி வாங்கும்! அரசனை இரண்டாம் கோட்டில் நிமிர்த்தினாலும், மூன்றாம் கோட்டில் நிமிர்த்தினாலும் அரசன் அரசனாகவே இருந்தான். சீனத்தில் அவனை வீழ்த்தியது எழுத்துப் பிழையன்று. 1911-இல் மூண்ட மக்கள் புரட்சி!

இவ்வரிசைகளை வகுத்தவர் யார்? தேவரா, முனிவரா? அரசு அலுவலகத்தில் அமர்ந்த குழுக்கள்! ஜப்பானியக் கல்வி அமைச்சு 1958-இல் 881 எழுத்துகளுக்கு வரிசை காட்டிக் கையேடு வெளியிட்டது. தைவான் கல்வி அமைச்சு 1996-இல் தன் கையேட்டை வெளியிட்டது. சீன மக்கள் குடியரசு 1997-இல் 7,000 எழுத்துகளுக்கு வரிசை வகுத்தது. பிறகு 8,105 எழுத்துகளுக்குப் புதிய வரையறை செய்து, 2021-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குழு கூடி வகுத்ததைக் குழு கூடித் திருத்தலாம். திருத்தியும் இருக்கிறார்கள். திருத்தக்கூடிய ஒன்றைத் தெய்வ வாக்கு என்பது தெய்வத்துக்கும் அடுக்காது!

அந்த 1958-ஆம் ஆண்டு ஜப்பானியக் கையேடு ஒரு நேர்மையைச் செய்தது. கற்பிக்கும்போது குழப்பம் நேராதிருக்கவே ஒரே வரிசையைக் காட்டுகிறோம். இங்கே காட்டாத வரிசைகளைப் பிழை என்று நாங்கள் சொல்லவில்லை என்று தன் கருத்தை அதிலேயே பதித்து வைத்தது. ஆனால் நடந்ததென்ன? அந்த விளக்கத்தை மறந்தோர் வரிசையை மட்டும் பற்றிக்கொண்டனர். வரிசைக்கு நேர்ந்ததே உருவத்துக்கும் நேர்ந்தது. 'மரம்' என்னும் எழுத்தின் அடியில் சிறு கொக்கி விழுந்துவிட்டால் பிழை. நிற்கவேண்டிய கோடு சற்று நீண்டால் பிழை! அச்சு எழுத்தின் நெளிவையெல்லாம் பிள்ளையின் விரலில் தேடினர். இறுதியில் 2016-இல் அந்நாட்டுப் பண்பாட்டு முகமையே முன்வந்து, மரத்துக்குக் கொக்கி இருந்தாலும் சரி, இல்லாவிடினும் சரி, எழுத்து எழுத்தே என்று விளக்கி வழிகாட்டும் ஏடு வெளியிட நேர்ந்தது. வகுத்தவர் வளைந்து கொடுக்கிறார். வழிமொழிந்தவர் வளைய மறுக்கிறார். பூசாரித்தனத்தின் இலக்கணமே இதுதான்!

"சிறு கொக்கிக்கு இவ்வளவு கூச்சலா?" என்று கேட்பீர்கள். கொக்கி சிறிது, அதில் மாட்டித் தொங்கிய மக்கள் கோடிக்கணக்கினர்!

எழுத்தைப் படைத்தவன் சாங்சியே என்பது சீனரின் பழங்கதை. அவனுக்கு நான்கு கண்களாம்! அவன் எழுத்தைப் படைத்த அன்று வானம் தானியமாய்ப் பொழிந்ததாம். இரவெல்லாம் பேய்கள் அழுதனவாம்! கி.மு. இரண்டாம் நூற்றாண்டு நூலான ஹுவைநான்ஸி இதைக் கூறுகிறது. பேய்கள் அழுததில் நமக்கு வியப்பில்லை. மக்கள் எழுத்தறிந்துவிட்டால் பேய்க்கு அந்த ஊரில் பிழைப்பேது? ஆனால் நடந்தது வேறு. எழுத்து மக்களிடம் வந்து சேரவில்லை. பேய்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாய் வாழ்ந்தன.

எழுத்துள்ள தாளை மிதிக்கலாகாது, குப்பையில் எறியலாகாது என்றனர். அதைப் பொறுக்கிச் சேர்ப்பதைப் புண்ணியம் என்றனர். எரிப்பதற்கென்றே தனி உலை கட்டினர். எழுதிய தாளுக்கு அத்தனை மரியாதை. எழுதத் தெரியாத உழவனுக்கு? நம் வீட்டுச் சரசுவதி பூசையில் ஏட்டை அடுக்கிப் பொட்டிட்டு, அன்று ஒருநாள் அதைத் தொட்டுப் படிக்கலாகாது என்கிறார்களே, அதன் உடன்பிறப்பே அந்த உலை. ஏடு வணங்கப்படும் இடத்தில் ஏடு படிக்கப்படுவதில்லை!

பேரரசின் தேர்வு மண்டபங்களைப் பாருங்கள். மஞ்சூ மன்னர் காலத்தில் அரண்மனைத் தேர்வில் என்ன எழுதினான் என்பதோடு, எத்தனை ஒழுங்காய், அச்சில் வார்த்தாற்போல் எழுதினான் என்பதும் எடைபோடப்பட்டது. கையெழுத்தைக் கழுவித் துடைத்து மெருகேற்றவே ஆண்டுகள் கரைந்தன. ஏர் பிடித்த கைக்கு அத்தனை ஓய்வு ஏது? பெண்களுக்கோ தேர்வு மண்டபத்தின் வாயிலே அடைப்பு. 1905-இல் அத்தேர்வு ஒழிந்தது. ஒழியும்வரை, எழுத்து வேலியாய் நின்று வயலைக் காக்கவில்லை; வயலையே வளைத்துக்கொண்டது.

அந்த அழுகலை லூ சுன் என்னும் பேரெழுத்தாளர் 1919-இல் ஒரு சிறுகதையில் பிளந்து காட்டினார். கொங் யீஜி என்பவன் தேர்வில் தேறாத படிப்பாளி. கிழிந்த நீளங்கியைக் கழற்ற மனமின்றி, கூலியாட்களோடு நின்றபடி மது அருந்துபவன். மது சுடவைக்கும் சிறுவனைப் பிடித்து, பெருஞ்சீரக அவரையில் வரும் 'ஹுய்' என்ற எழுத்தை எழுதத் தெரியுமா என்று தேர்வு வைக்கிறான். அதை நான்கு வகையாய் எழுதலாமே, அறிவாயா என்று பூரிக்கிறான். ஓரெழுத்தை நான்கு வகையாய் எழுதத் தெரிந்தவனுக்கு ஒருவேளைச் சோற்றுக்கு ஒருவழியும் தெரியவில்லை! திருடுகிறான், கால் ஒடிக்கப்படுகிறான், கையை ஊன்றித் தவழ்ந்து வந்து கடைசிக் கோப்பையைக் குடித்துவிட்டு மறைகிறான். கொங் யீஜியைக் கொன்றது மதுவா? அன்று! காரணமற்ற கல்வி!

ஆண்களிலேயே ஏழைக்கு இந்தக் கதியென்றால், பெண்கள்? ஹுனான் மாநிலத்தின் ஜியாங்யோங் வட்டாரத்து உழவர் வீட்டுப் பெண்கள் வாயடைத்து வாளாவிருக்கவில்லை. ஆண்கள் தங்களுக்குத் தராத எழுத்தைத் தாங்களே ஆக்கிக்கொண்டனர். 'நூஷு' என்று அதற்குப் பெயர். பெண்ணெழுத்து என்று பொருள். சீன எழுத்தின் சாயலை எடுத்து, மெலிந்து சாய்ந்த கோடுகளாக்கி, பேச்சின் ஓசைக்கு ஓரெழுத்தாகச் சில நூறு குறிகளில் தம் மொழியை அடக்கினர். விசிறியிலும் துணியிலும் எழுதினர். மணமாகிப் பிரிந்துபோகும் தோழிக்குத் துணியில் கட்டிய சிற்றேடு எழுதி, மணமுடிந்த மூன்றாம் நாள் அனுப்பினர். எந்த அமைச்சு அவர்களுக்கு வரிசை வகுத்தது? எந்தத் தேர்வாளர் ஐந்தாம் கோட்டை எண்ணினார்? தாயிடமிருந்து மகளுக்கு, தோழியிடமிருந்து தோழிக்கு அந்த எழுத்து நடந்தது. இயல்பான வழக்கில் அதைக் கற்றவர்களுள் கடைசியாக எஞ்சியவர் என்று கூறப்பட்ட யாங் ஹுவான்யீ மூதாட்டி 2004-இல் மறைந்தார். எழுத்து என்பது நெஞ்சில் உள்ளதைச் சொல்ல என்பதை உழவர் வீட்டுப் பெண்கள் அறிந்திருந்தனர். தேர்வு மண்டபம் அறியவில்லை.

1949-இல் சீன மக்களில் பத்துக்கு எட்டுப் பேர் எழுத்தறியாதோர் என்பது மதிப்பீடு. அந்தச் சிறையை உடைக்க என்ன செய்தனர்? வரிசையாய் எண்ணுங்கள். 1955-இல் குவாங்மிங் நாளேடும், 1956-இல் மக்கள் நாளேடும், மேலிருந்து கீழாய் வலமிருந்து இடமாய் அச்சிட்ட பழைய வழியை விட்டு, நம் ஏடுகளைப்போல் இடமிருந்து வலமாய் வரத் தொடங்கின. எத்தனையோ நூற்றாண்டுகளாய் வந்த வழக்கம் புத்தாண்டு நாளில் மாறிற்று. வானம் இடிந்து விழவில்லை. மறுநாளும் நாளேடு வந்தது! 1956-இல் எழுத்தெளிமைத் திட்டம் வந்தது. பத்துக் கோட்டுக் 'குதிரை' மூன்று கோட்டில் ஓடிற்று. பதினாறு கோட்டு 'நாகம்' ஐந்து கோட்டில் நெளிந்தது. 1958-இல் உரோமன் எழுத்தால் ஒலிப்பைக் கற்பிக்கும் பின்யின் முறை வந்தது. உழவர் 1,500 எழுத்தும், தொழிலாளரும் நகரத்தாரும் 2,000 எழுத்தும் அறிந்தால் எழுத்தறிந்தோர் என்று 1988-ஆம் ஆண்டு விதி வரையறுத்தது. 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் எழுத்தறியாதோர் 2.67 விழுக்காடாகக் குறைந்தனர்.

எழுத்தை எளிமையாக்கியதே எல்லாம் செய்தது என்று நாம் கூறவில்லை. பழைய வடிவங்களையே வைத்துக்கொண்ட தைவானிலும் எழுத்தறிவு பரவியது. பள்ளிக்கூடமும் ஆசிரியரும் வயிற்றுச் சோறும் இல்லாமல் எந்த எழுத்தும் பரவாது. சீர்திருத்தமும் தெய்வமன்று. 1977-இல் மேலும் பல எழுத்துகளைச் சுருக்கினர். மக்களுக்குக் குழப்பம் மிகுந்தது. 1986-இல் அதைத் திரும்பப் பெற்றனர். பயன் தந்ததை வைத்துக்கொள், தராததை விடு — இதுவன்றோ பகுத்தறிவு!

இன்று புதிதாய் ஓர் அச்சம். கணிப்பொறியிலும் கைத்தொலைபேசியிலும் பின்யினால் ஒலியைத் தட்டி எழுத்தை வரவழைக்கும் தலைமுறை, தூவலை எடுத்தால் எழுத்தை மறந்து விழிக்கிறது. 'தூவல் எடுத்ததும் எழுத்து மறந்தது' என்று அதற்குச் சீனத்தில் ஒரு தொடரே வழங்குகிறது. "பார்த்தீர்களா! கோட்டு வரிசையைக் கண்டிப்பாய்த் திணிக்கவில்லையேல் பண்பாடே அழியும்!" என்று முழங்குகின்றனர் சிலர். தேர்வுத் தாளிலோ, 'இந்த எழுத்தின் ஐந்தாம் கோடு எது?' என்ற வினா பிள்ளையின் முன் நீட்டப்படுகிறது.

ஐந்தாம் கோடு எது என்று விடை எழுதும் பிள்ளை, எழுதப் பழகுகிறதா, ஒப்பிக்கப் பழகுகிறதா? கை செய்யவேண்டிய வேலையை வாய் செய்தால் கை கற்குமா? மிதிவண்டி ஓட்டுபவனை நிறுத்தி, ஐந்தாம் மிதியை எந்தக் காலால் மிதித்தாய் என்று கேட்டு மதிப்பெண் போடுவதுண்டா? எழுத்து மறப்பது கை எழுதாததால். எழுதுவதற்கு வேலை கொடுங்கள். கடிதமும் கதையும் கண்டதும் கேட்டதும் எழுதச் சொல்லுங்கள். எழுதும் கை மறக்காது. அச்சத்தால் எழுதிய எழுத்து, அச்சம் நீங்கிய அன்றே மறந்துபோகும்.

இடக்கைப் பிள்ளையின் நிலையையும் எண்ணுங்கள். வலக்கை தூரிகையை இழுத்துச் செல்லும் வழியில்தான் இந்த வரிசை பிறந்தது என்றோம். அதே படுக்கைக் கோட்டை இடக்கை இழுப்பதில்லை, தள்ளுகிறது. காரணம் மாறிய இடத்தில் விதியும் நெகிழவேண்டுமா, வேண்டாமா? "விதியை மாற்றமாட்டோம், கையை மாற்றிக்கொள்" என்று பிள்ளையின் கையைத் திருகுவது கல்வியா? செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டும் கதை!

ஆதலின் நாம் வேண்டுவன தெளிவானவை. வரிசையைக் கற்பியுங்கள், முதல் நாளிலேயே கற்பியுங்கள், காரணத்தோடு கற்பியுங்கள். எழுதும்போது அருகிருந்து கையைத் திருத்துங்கள். எழுதி முடித்த சரியான எழுத்தைப் பிழையென்று சிவப்பு மையால் கீறாதீர்கள். இந்த நாட்டில் இப்படி, அடுத்த நாட்டில் அப்படி, முற்காலத்தில் வேறெப்படியோ என்பதைப் பிள்ளைக்கு மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால் மரியாதை குறையாது, அறிவு கூடும். இடக்கைக்கு இடங்கொடுங்கள்.

சீனம் கற்கும் நம் இளைஞருக்கும் ஒரு சொல். வரிசையைப் பழகுங்கள். நூறு எழுத்து எழுதுவதற்குள் அதன் பயன் உங்கள் விரலுக்கே விளங்கும். ஆனால் எவரேனும் "காரணம் கேளாதே" என்றால், அங்கே கோட்டை நிறுத்திக் கேள்வியைத் தொடங்குங்கள்.

இதை நாம் பிறருக்கு மட்டும் கூறும் அறிவுரையாக வைத்துக்கொள்ளவில்லை. 1935-இல் 'குடி அரசு' ஏட்டில் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை எழுதிக் காட்டியபோது, மரபு என்னாவது என்று மலைத்தோர் இங்கும் இருந்தனர். கொம்பும் வளைவுமாய்த் தனித்தனியே கற்கவேண்டியிருந்த 'ணா', 'றா', 'னா', 'லை', 'னை' முதலிய பதின்மூன்று எழுத்துகளை, ஏனைய எழுத்துகளின் முறைக்கே கொண்டுவந்து 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டது. தமிழ் அழிந்ததா? இந்த வரியை நீங்கள் அந்த எழுத்தில்தானே படிக்கிறீர்கள்!

தோழர்களே! தூவலை எடுத்து 'முறை' என்று எழுதிப் பாருங்கள். முதலெழுத்தின் அடியில் ஓடும் உகரச் சுழியை மட்டும் விட்டுவிடுங்கள். எஞ்சி நிற்பது 'மறை'! ஒரே ஒரு சுழிதான் இடையே உள்ள வேறுபாடு. அந்தச் சுழிக்குப் பெயர் காரணம். சீனத்தில் எழுதினாலும், ஜப்பானில் எழுதினாலும், தமிழில் எழுதினாலும், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதுவோம்!